புறப்படுகிறவனுக்குச் சொல்லும் வார்த்தை

சண்டிலிப்பாயைத் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தோளில் ஒரு பை. அதற்குள் உடுக்க இரண்டு சாரம், மேலே போட மூன்று சேட்டு, ஒரு சவரக்கத்தி, ஒரு செபமாலை. செருப்பின் வார் வழியிலேயே அறுந்துபோனது. வேலியில் கிடந்த கம்பித் துண்டொன்றால் கட்டிக்கொண்டு நடந்தேன். இரண்டு பக்கமும் புகையிலைத் தோட்டம். தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற ஒருவர் தலையை நிமிர்த்தினார்.

"எங்கை அண்ணை, இந்த வெயிலுக்கை?"

"மருதனார்மடத்துக்கு."

"பஸ் வருந்தானே?"

"வரட்டும்" என்றுவிட்டு நடந்தேன்.

பஸ்ஸுக்கு நின்றிருந்தால் எங்கள் ஊர்க்காரர் யாராவது மோட்டார் சைக்கிளில் வந்து மறித்திருப்பார்கள். மறித்தால் திரும்பிப் போயிருப்பேனோ என்ற பயமும் எனக்கு இருந்தது. ஒன்பது வருடம் இடுப்பில் கட்டியிருந்த கோயில் சாவிக்கொத்தை அன்று காலைதான் பங்குக்குருவான சுவாமியின் மேசையில் வைத்துவிட்டு வெளிக்கிட்டிருந்தேன். யாரும் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. நானாகத்தான் வந்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை இது. இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தக் கடற்கரைக் கோயிலின் திருவிழா மலருக்கு ஏதாவது தரச் சொல்லி இளைஞர் மன்றத்திலிருந்து ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் வந்தார்கள். வந்த இடத்தில் ஒரு கேள்வியும் கேட்டார்கள். இறங்குதுறையில் புதிதாக ஒலிபெருக்கி பூட்டியிருக்கிறார்களாம். சுவாமியின் ஆசீர்வாதத்தைப் பதிந்து, படகுகள் வெளிக்கிடும் நேரத்தில் நாள்தோறும் அதில் போடப்போகிறார்களாம்.

"அது பலிக்குமோ ஐயா? நீங்கள் ஒம்பது வருசம் கோயில்லை வேலை செய்தனீங்கள். உங்களுக்குத் தெரியும்தானே" என்றான் பெடியன்.

"பலிக்கிறது எண்டால் என்னண்டு முதல்லை சொல்லடா" என்றாள் பெட்டை.

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. எனக்கு அதற்கு ஒரு வரியில் விடை தெரியாது. நடந்ததை எழுதத்தான் தெரியும்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். மன்னாரில் ஐஸ் உடைத்தேன். ஆனையிறவில் உப்பு அள்ளினேன். புத்தளத்தில் தேங்காய் உரித்தேன், வன்னியில் கிணறு வெட்டினேன். இடப்பெயர்வில் ஒரு தம்பியையும் ஒரு காதையும் இழந்தேன். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. அதுவரை ஓரிடத்தில் மூன்று வருடத்துக்கு மேல் எனக்குக் கால் தரித்ததில்லை. அதனால் கலியாணமும் சரிவரவில்லை. நாற்பத்தெட்டாவது வயதில் மேசன் ஒருவரின் கையாளாக அந்தக் கடற்கரைக் கோயிலின் மதில் பூசப் போனேன். அங்கே சக்கிடுத்தார் வேலை பார்த்த கிழவருக்குக் கண் தெரியாமல் போயிருந்தது. கோயிலைத் திறந்து பூட்டி, மணியடித்து, பூசைக்கு வேண்டியதெல்லாம் எடுத்து வைப்பவரைத்தான் நாங்கள் சக்கிடுத்தார் என்போம்.

"மணி அடிக்கத் தெரியுமோ?" என்று சுவாமி கேட்டார்.

"கயிறைப் பிடிச்சு இழுக்கிறதுதானே சுவாமி."

"இல்லை. இழுத்தாப்பிறகு விடுறது. அதுதான் வேலை."

இரண்டு மாதத்தில் பழகிவிட்டேன். எந்தக் காலத்துக்கு எந்த நிற உடுப்பு, தூபக்காலில் கரி எப்போது சிவக்கவேண்டும், கடற்காற்றில் மெழுகுதிரி எப்படி நூராமல் நிற்கும், எல்லாம் கைக்கு வந்தது. கைக்கு வராதது ஒன்றுதான். அது சுவாமி ஆசீர்வாதம் சொல்லும் முறை.

சுவாமிக்கு அறுபது வயதிருக்கும். ஒல்லியான ஆள். முன்பு சுருட்டுப் பிடித்த தொண்டை. எந்தச் செபத்திலும் நடுவில் இரண்டு தரம் இருமுவார். கோபப்பட்டு நான் கண்டதில்லை. ஆனால் ஆசீர்வாத விஷயத்தில் அவரை ஒருவரும் அவசரப்படுத்த ஏலாது. மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே தலையைக் குனிந்து "சுவாமி, ஆசீர்வாதம்" என்று கேட்கிறவனிடம், "இறங்கு" என்பார். இறங்கினால், "கையிலை இருக்கிறதைக் கீழை வை" என்பார். ரெலிபோனோ மீன்பையோ, எதுவானாலும் கீழே போகவேண்டும். பிறகு, "உன்ரை பேர் என்ன?" அவர் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையாக இருந்தாலும் பேரைக் கேட்பார். அதன்பிறகு, "எங்கை போறாய்?" பரீட்சைக்குப் போகிறேன், கொழும்புக்குப் போகிறேன், மாமனாரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன், எதையாவது சொல்லவேண்டும். "சும்மாதான் சுவாமி" என்றால் கையை உயர்த்தமாட்டார். "சும்மா போறவனுக்கு என்னத்தைச் சொல்லுறது? யோசிச்சுப்போட்டு வா" என்று அனுப்பிவிடுவார்.

பூசை முடிவிலும் ஒரு ஒழுங்கு. கடைசி ஆசீர்வாதத்துக்கு அவர் கையை உயர்த்தும் அதே நேரத்தில் நான் பெரிய கதவு இரண்டையும் திறக்கவேண்டும். முதல் கிழமை, சொல்லி முடியட்டும் என்று காத்திருந்து திறந்தேன். பூசை உடுப்பைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னார்.

"சவிரி, கதவைப் பூட்டி வைச்சுக்கொண்டு அதைச் சொல்ல ஏலாது. வெளியிலை இருந்து காத்து வரவேணும். அவையள் வெளியாலை போகத்தானே சொல்லுறன்."

சரி என்றேன். காற்று வந்தால் மெழுகுதிரி நூருமே என்றுதான் எனக்கு யோசனை.

புதுப்படகைத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்து மந்திரிப்பதென்றால் அரைநாள் வேலை. மணலில் மேசை வைத்து வெள்ளைத் துணி விரிப்பேன். துணி பறக்காமல் நாலு மூலையிலும் சிப்பி. மெழுகுதிரிக்கு லாம்புச் சிமினி. தீர்த்தச் சட்டி, தெளிக்கும் கோல், புத்தகம். சுவாமி முதலில் படகைப் பார்க்கமாட்டார். அதில் தொழிலுக்குப் போகிறவர்களை வரிசையாக நிறுத்துவார். ஒவ்வொருவராகப் பேர் கேட்பார். அவர்களின் மனைவிமாரையும் முன்னுக்குக் கூப்பிடுவார். அதன் பிறகுதான் அணியம், எஞ்சின், வலை என்று சுற்றி வருவார். நான் சட்டியோடு பின்னால் போவேன். ஒன்பது வருடத்தில் அந்தச் செபம் எனக்குப் புத்தகம் இல்லாமலே பாடம்.

அதுதான் வில்லங்கமாக வந்தது.

அமிர்தநாதர் என்று ஒருவர். அமிர்தம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். என் வயதுதான். நன்றாகச் சிரிக்கிற, நன்றாகக் கோபிக்கிற ஆள். புதிதாக ஒரு பிளாஸ்டிக் போட் எடுத்திருந்தார். நாள் குறித்து, சோறு சமைத்து, சனம் எல்லாம் கரையில் கூடிவிட்டது. சுவாமி பக்கத்துப் பங்கில் ஒரு சாவீட்டுக்குப் போனவர் வந்துசேரவில்லை. தண்ணீர் வற்றத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் போனால் போட்டைத் தள்ள ஏலாது. மந்திரிக்காத போட்டை எங்கள் ஆட்கள் தண்ணீரில் இறக்கமாட்டார்கள்.

"சவிரி, உமக்கு எல்லாம் பாடம்தானே. சொல்லும்" என்றார் அமிர்தம்.

"அது சுவாமியின்ரை வேலை."

"சுவாமி வந்து கடலை நிரப்பித் தருவாரோ? சொல்லுமப்பா!"

நான் சட்டியை எடுத்தேன். மேசைக்குப் பின்னால் நின்று முழுச் செபத்தையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். சுவாமியின் இழுவையிலேயே சொன்னேன். எனக்குத் தெரியாமலே, அவர் இருமுகிற இடத்தில் நானும் இருமினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் "ஆமென்" என்றார்கள். போட் இறங்கியது. அடுத்த நாள் விடிய, தாழத்தாழப் பாரை மீனோடு திரும்பி வந்தது.

சுவாமி என்னை அறைவீட்டுக்குக் கூப்பிட்டார். அறைவீடு என்பது கோயிலோடு சேர்ந்த அவருடைய வீடு.

"என்ரை இருமலையும் சேர்த்துச் சொன்னியாம். மெய்யோ?"

"ஓம், சுவாமி."

"ஒருக்காலோ, ரெண்டு தரமோ?"

"ரெண்டு தரம், சுவாமி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, உண்மையாகவே இருமி முடித்துவிட்டுக் கேட்டார்.

"போட்டிலை போற ஆக்களின்ரை பேர் கேட்டியோ?"

"இல்லை."

"அப்ப பிளாஸ்டிக்கோடைதான் கதைச்சிருக்கிறாய். சவிரி, கடவுளே இவையைப் பாத்துக்கொள்ளும் எண்டு கேக்க ஞானஸ்நானம் எடுத்த எல்லாருக்கும் வாய் இருக்கு. அதை நான் மறிக்கேல்லை. ஆனா அது உன்ரை வாயாய் இருக்கவேணும். என்ரை உடுப்பைப் போட்டுக்கொண்டு நிக்கிற வாய் சரிவராது."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. சவிரி சொன்னால் மீன் படுகிறது என்று கரை முழுக்கக் கதை பரவியது. முதலில் வலைகள் வந்தன. பிறகு சோதனை எழுதும் பிள்ளைகளின் பேனைகள். ஒரு கிழவி ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒருவன் கனடா விசாப் பத்திரத்தைக் கொண்டுவந்து, "ஒரு சொட்டுத் தீர்த்தம் போதும் அண்ணை, மை கரையாமல் பாத்துத் தெளியுங்கோ" என்றான். பாதிப் பேரை ஏசிக் கலைத்தேன். மீதிப் பேருக்கு, தொல்லை விட்டால் போதும் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். சொல்லி அனுப்பியதுதான் என் பிழை. அந்தப் பிழை ஒரு மனிதனின் உயிரில் வந்து நின்றது.

அமிர்தத்துக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. கரையில் சிப்பி வெட்டிப் பெருவிரலில் சின்னக் காயம். ஒன்றுவிட்டு ஒருநாள் கிளினிக்கில் மருந்து கட்டச் சொல்லியிருந்தார்கள். திருவிழா நெருங்கிய ஒரு பகல். நான் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் பழப்புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தேன். பதினாறு தண்டு. அமிர்தம் வந்து காலைக் காட்டினார்.

"ஒரு வார்த்தை சொல்லுமப்பா. உவங்கள் ஒவ்வொரு நாளும் அலைக்கழிக்கிறாங்கள்."

கையிலிருந்த தண்டைக் கீழே வைக்காமலே சொன்னேன். பிதா சுதன் என்று தொடங்கி ஆமென் வரை பத்து விநாடி இருக்காது. இன்னும் ஒன்பது தண்டு இருக்கிறதே என்பதுதான் மனதில் இருந்தது. அவர் சந்தோஷமாகப் போனார்.

திருவிழா முடிந்து கொடியும் இறக்கியாயிற்று. ஒருநாள் காலை, கூட்டிக்கொண்டிருந்தபோது அமிர்தத்தின் மனைவி றெஜினா வந்தாள். அழுது முடித்த முகம்.

"அண்ணை, விரல் எல்லாம் கறுத்துப்போச்சு. பெரியாஸ்பத்திரியிலை முழங்காலுக்குக் கீழை எடுக்கவேணும் எண்டவை. இவர் மாட்டன் எண்டு ஆஸ்பத்திரித் துண்டை வெட்டிக்கொண்டு வீட்டை வந்திட்டார்."

"கிளினிக்குக்குப் போனவர்தானே?"

"எங்கை போனவர்? நீங்கள் சொன்ன நாளோடை விட்டிட்டார். காஞ்சிடும், சவிரி சொன்னது பலிக்கும் எண்டு கிடந்தவர். இப்பவும் கத்தி வைக்க விடமாட்டாராம். நீங்கள் இன்னொருக்கா வந்து வடிவாய்ச் சொன்னால் காயுமாம்." பிறகு குரல் மாறியது. "டொக்டர் என்ன சொன்னவர் தெரியுமோ? நாலு நாள் தாண்டினால் கால் இல்லை, ஆளே இல்லையாம்."

நான் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு நேரே அறைவீட்டுக்குப் போனேன். எதையும் மறைக்காமல் சொன்னேன். தண்டைக் கீழே வைக்கவில்லை என்பதையும் சொன்னேன். 

"நீங்கள் ஒருக்கா வந்து சொன்னால் கேப்பார், சுவாமி."

"கேக்கமாட்டான். சுவாமிக்குச் சவிரியிலை எரிச்சல், அதாலைதான் வெட்டச் சொல்லுறார் எண்டுவான். அவன் நம்புறது உன்ரை வார்த்தையை. நீ போ. போய் உண்மையைச் சொல்லு."

"அடிப்பார் சுவாமி."

"ஓம், அடிப்பான்" என்றார். "போ."

வீட்டுக்குள் நுழைய முன்பே மணம் வந்தது. அமிர்தம் கட்டிலில் சாய்ந்திருந்தார். காலைப் பழைய சாரம் ஒன்றால் சுற்றியிருந்தார்கள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வந்திட்டீர்! தீர்த்தம் எங்கை?"

"கொண்டுவரேல்லை. அமிர்தம், அண்டைக்கு நான் சொன்னது செபமே இல்லை. உம்மை அனுப்பிப்போட்டுத் தண்டு மினுக்கவேணும் எண்ட அவசரத்திலை வாயாலை வந்ததைச் சொன்னனான். உம்மடை காலைக் கூட நான் வடிவாய்ப் பாக்கேல்லை."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பேணியை எறிந்தார். அது என் புருவத்தில் பட்டது. இப்போதும் அந்த இடத்தில் மயிர் முளைப்பதில்லை.

"அப்ப என்ரை போட்? அண்டைக்கு அவ்வளவு பாரை பட்டதே, அது?"

"பாரை வாற காலத்திலை பாரை படும். உமக்குத்தானே அது நல்லாய்த் தெரியும்."

"வெளியிலை போ நாயே!"

போனேன். ஆனால் முற்றத்தைத் தாண்டவில்லை. மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து யன்னலுக்குக் கீழே இருந்துகொண்டேன். மத்தியான மணி அடிக்கக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மறுநாளும் அப்படித்தான். அவர் உள்ளேயிருந்து ஏசுவார். நான் வெளியேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

"இன்னும் உதிலையோ குந்தியிருக்கிறாய்? போய் மணியை அடி!"

"அடிச்சிட்டுத்தான் வந்தனான்."

"பிரேதப் பெட்டிக்கு அளவெடுக்க வந்தனீயோ?"

"இல்லை. ஓட்டோவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். எப்ப வரச் சொல்லுறீர்?"

"உன்ரை தலையிலை ஏத்து அந்த ஓட்டோவை!"

அயலவர்கள் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். சிலர் என்னைத் திட்டினார்கள், ஒரு வார்த்தை சொல்லி அந்த மனுசனை ஆறுதலாகச் சாகவிடக் கூடாதோ என்று. நான் எழும்பவில்லை. கிணறு வெட்டும்போது கல் வந்தால், தோண்டுகிற இடத்தை மாற்றுகிறவனும் உண்டு, கல்லை உடைக்கிறவனும் உண்டு. மற்ற எல்லா இடத்திலும் நான் இடத்தை மாற்றியவன். இங்கே மாற்ற இடமில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறிவிட்டது. ஏசுகிற சத்தம் நின்றது எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே கதைத்தார்.

"ஒற்றைக் காலோடை போட்டிலை நிக்கேலாது, சவிரி. பிறகு என்னை ஆர் கூப்பிடப்போறான்? கரையிலை குந்தியிருந்து கிழிஞ்ச வலை பொத்துறதோ?"

"ஓம். வலைதான் பொத்தவேணும்."

"ஒரு பொய்யாவது சொல்லுமன்."

"சொல்லித்தானே இந்தக் கோலம்."

அவர் கண்ணைத் திறந்தார். பிறகு, "இப்ப ஒண்டு சொல்லும். மெய்யாய்ச் சொல்லும்" என்றார்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த நேரம் சொல்லியிருந்தால் என் வாழ்க்கையிலேயே உண்மையான செபமாக அது இருந்திருக்கும். ஆனால் சொன்னால் அவர் அந்தக் கட்டிலிலேயே சாய்ந்துவிடுவார் என்று தெரிந்தது. கதவு பூட்டியிருக்கும்போது அதைச் சொல்ல ஏலாது என்று சுவாமி சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"கட்டில்லை கிடக்கிறவருக்கு நான் சொல்லமாட்டன்" என்றேன். "ஓட்டோவிலை ஏறும். ஏறினால் சொல்லுறன்."

"ஏமாத்துறாய்."

"ஏறிப் பாரும்."

கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பி இருந்தார். பிறகு றெஜினாவிடம், "சேட்டைத் தா" என்றார்.

பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். ஓட்டோவின் பின்சீற்றில் காலை நீட்டி இருத்தினோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் றெஜினா, உடுப்புப் பையை உள்ளே வைக்க ஓடிவந்தவள், வைத்த கையோடு அவருடைய நெற்றியில் பெருவிரலால் குருசு போட்டாள். கையில் இன்னும் டெற்றோல் ஈரம்.

"சேசு காவல். போயிட்டு வாங்கோ" என்றாள்.

அவள் அதை யோசித்துச் செய்யவில்லை. எங்கள் கரையில் கடலுக்கு இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். முப்பது வருடமாக நாள்தோறும் அவள் அந்த நெற்றியில் போட்ட குருசு அது. கால் புண்ணானதிலிருந்து அவர் கடலுக்குப் போகவில்லை, அதனால் அவளும் போடவில்லை. இப்போது அவர் புறப்பட்டார், கை தானாக எழும்பியது. அமிர்தம் முகம் சுருங்கி, அந்த ஆறு கிழமையில் முதல் முறையாக அழுதார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சவிரி, நீர் இன்னும் சொல்லேல்லை" என்றார்.

"சொல்லியாச்சு, போம்" என்றேன். ஓட்டோ போனது.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் தப்பியது.

ஒலிபெருக்கியைப் பற்றிக் கேட்ட பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். போடுங்கள். பதிவு ஆளின் பேர் கேட்காது, அது ஒரு குற்றமில்லை. நான் அடித்த மணியும் ஒருவரின் பேரையும் கேட்டதில்லை. ஆனால் ஒலிபெருக்கியில்தான் சொல்கிறார்களே என்று வாசலில் நிற்கிறவள் குருசு போடுகிற கையை எடுத்துக்கொண்டாள் என்றால், அன்றைக்கே வயரைக் கழற்றிவிடுங்கள்.

அமிர்தம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உண்மையான தலையிடி தொடங்கியது. "மூண்டு நாள் என்ரை வாசல்லை தவம் கிடந்தவன். அவன்ரை செபந்தான் என்னைக் காப்பாத்தினது" என்று வந்தவர் போனவர் எல்லாருக்கும் அவர் சொன்னார். மறுத்துச் சொன்னால், "பாத்தியே, எவ்வளவு தாழ்மை" என்றார்கள். பழையபடி வலை வந்தது, பேனை வந்தது, இப்போது புண்ணும் காய்ச்சலும் வந்தன. சுவாமி கூடப் பூசையில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். சனம் சிரித்துக்கொண்டு கேட்டது.

ஒரு பின்னேரம் றெஜினா இரண்டு ஊன்றுகோலையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணை, இதுகளை ஒருக்கா மந்திரிச்சுத் தாங்கோ. அவர் விழாமல் நடக்கவேணும்."

"பிள்ளை, அண்டைக்கு ஓட்டோவிலை அவருக்கு ஆர் சொன்னது?"

"எதை?"

"நெற்றியிலை குருசு போட்டுச் சொன்னதை."

"அதோ?" அவளுக்கு ஞாபகப்படுத்திக்கொள்ளவே கொஞ்சநேரம் எடுத்தது. "அது நான் எந்தநாளும் போடுறதுதானே. அது என்ன பெரிய காரியம்?"

"இதுகளையும் வீட்டை கொண்டுபோய் நீயே சொல்லு."

"நான் சொன்னால் பலிக்குமோ அண்ணை?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டாள். அவள் கை போட்ட குருசோடுதான் அந்த மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தக் கை அவளுக்கே ஒன்றுமில்லாததாகப் போய்விட்டது. நான் அந்த வாசலில் நிற்கும் வரை அவள் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவாள். அவள் மட்டுமல்ல, கரை முழுவதும் வரும். ஊன்றுகோலை நான் வாங்கவில்லை. அவள் மனம் நொந்துதான் திரும்பிப் போனாள். அன்றே முடிவெடுத்தேன்.

அடுத்த நாள் காலைப் பூசை முடிந்ததும் சாவிக்கொத்தைச் சுவாமியின் மேசையில் வைத்தேன். காரணத்தைச் சொன்னேன். மறிக்க வாயெடுத்தார், பிறகு மறிக்கவில்லை. "அடுத்த திருவிழாவுக்கு ஆளுக்கு எங்கை போறது?" என்று மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு முழந்தாளிட்டேன்.

"பேர்?"

"சவிரிமுத்து."

"எங்கை போறாய்?"

"தெரியாது சுவாமி."

"தெரியாதுக்கு என்னாலை சொல்ல ஏலாது. ஒரு இடத்தைச் சொல்லு."

வாயில் வந்தது மருதனார்மடம். அங்கே பெரிய சந்தை இருக்கிறது, மூட்டை தூக்க ஆள் தேவைப்படும் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். வேறு காரணமில்லை. அவர் கையை உயர்த்தி, மருதனார்மடத்துக்குப் போகிற சவிரிமுத்து என்றே சொல்லி ஆசீர்வதித்தார். இரண்டு தரம் இருமினார். நானே எழும்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினேன்.

சந்திக்கு வந்துசேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது. ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டுச் சந்தைக் கட்டடத்தின் ஒரு மூலையில் படுத்தேன். விடிந்ததும் மரக்கறி மொத்தமாக எடுக்கும் ஒரு அம்மா, லொறிக்குப் பக்கத்தில் நின்று ஆள் தேடுவதைக் கண்டு கிட்டப் போனேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நெற்றியில் திருநீறு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தூக்குவீரோ? வயசு போனமாதிரி இருக்கு."

"தூக்கிக் காட்டுறன் அக்கா."

"இவ்வளவு நாளும் என்ன செய்தனீர்?"

"கோயில்லை வேலை. வேதக்கோயில்."

"அட!" அவருடைய முகம் மாறியது. "அப்ப யாவாரம் தொடங்க முன்னம் உங்கடை முறையிலை ஒரு நல்ல வார்த்தை சொல்லுமன். ரெண்டு கிழமையாய் ஒண்டும் சரியில்லை. எல்லாச் சாமியும் ஒண்டுதானே."

லொறியில் நின்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சேட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தேன்.

"உங்கடை கடை, உங்கடை ஆக்கள். நீங்கள் சொல்லுங்கோ அக்கா" என்றேன். "நான் மூட்டையை இறக்கிறன்."

அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பிறகு லொறிக்காரர்களைப் பார்த்து, வெட்கப்பட்டுக்கொண்டு, "எல்லாரும் நல்லாய் இருங்கோ" என்றார். முதல் மூட்டை பூசணிக்காய். குனிந்து முதுகைக் கொடுத்தேன்.